முல்லை நிலத்துத் துள்ளி

வண்ணத்துப்பூச்சி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, அகன்ற சிறகுகளை மெல்ல விரித்து, மலர்விட்டு மலர் சென்று, காண்பார் கண்ணைக் கவரும் ஓர் உயிரே நம் நினைவிற்கு வருகின்றது. தமிழ்நாட்டு அரசினர் 2019-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாகத் தெரிந்தெடுத்த தமிழ் மறவன் அத்தகைய அழகு வாய்ந்ததே. ஆயினும், அக்குலத்துட் பிறந்த யாவும் கண்ணைக் கவர்வன அல்ல. விரித்த சிறகின் அகலம் ஓர் அங்குலமே உடையதாய், தரையை ஒட்டிப் பறந்து, ஈயோ வண்டோ என்று நாம் ஐயுறுமுன்னரே மறைந்துபோகும் சிறு பூச்சிகளும் அக்குலத்தைச் சேர்ந்தனவே. கண்ணிற் படாதது பற்றி அவை இல்லை என்றாகா. அத்தகைய சிற்றுயிர் ஒன்றன் இயல்பையும், அது வாழும் நிலத்தின் இயல்பையும், அந்நிலத்திற்கு இக்காலத்து நேர்ந்துவரும் கேட்டையும் ஒருசேர எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் பெயரும்

வண்ணத்துப்பூச்சிகளை அறிஞர் சில குடும்பங்களாகப் பகுத்துள்ளனர். அவற்றுள் ஹெஸ்பெரிடே என்பது ஒன்று. உலகெங்கும் 3,500-க்கு மேற்பட்ட வகைகள் இக்குடும்பத்தில் உள்ளன. இந்தியாவில் மட்டும் 300-க்கு மேல் உண்டு. நேராகப் பறவாது, குதித்தும் தாவியும் திடீரெனத் திசைமாறியும் செல்வதால், ஆங்கிலர் இவற்றை ஸ்கிப்பர் என்றனர். நாம் இக்கட்டுரையில் துள்ளி என்றே வழங்குவோம்.

துள்ளியைப் பிறவற்றினின்று வேறுபடுத்தி அறிதல் எளிது. உடல் தடித்துக் குறுகியது, தலை அகன்றது. பிற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்புகள் நுனியிற் குமிழ்போல் முடிவுறும். துள்ளிகளின் உணர்கொம்போ குமிழுக்கு அப்பாலும் சற்றே நீண்டு கொக்கிபோல் வளைந்திருக்கும். அவ்விரு கொம்புகளும் தலையின்மேல் ஒன்றற்கொன்று மிகவும் விலகி நிற்கும். இவற்றினும் வியப்புத் தருவது கண்ணின் அமைப்பு. பகலிற் பறக்கும் பிற வண்ணத்துப்பூச்சிகளுக்கு, கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சிறுகண்ணும் தன்மீது விழும் ஒளியைத் தானே ஏற்கும். இரவிற் பறக்கும் விட்டில்கள் பலவற்றிற்கோ, பல சிறுகண்களின் வழிப் புகுந்த ஒளி ஒன்றுகூடி ஓரிடத்தே விழும். துள்ளிகள் பகலில் வாழ்வனவாயினும், அவற்றின் கண் பின்னைய வகையைச் சார்ந்தது. இவ்வாறு விட்டிலின் சாயலும் வண்ணத்துப்பூச்சியின் சாயலும் விரவி நிற்றலால், முன்னாளைய அறிஞர் இவற்றை இரண்டற்கும் இடைப்பட்ட தனிப்பிரிவாக வைத்தனர். மரபணுக்களை ஒப்பிட்டு ஆராயும் இக்கால ஆராய்ச்சியோ, துள்ளிகள் வண்ணத்துப்பூச்சிக் குலத்திற்குள்ளேயே பிறந்தவை என்று தெளிவுறுத்தியுள்ளது.

நாம் இங்கே சிறப்பாக எடுத்துக்கொண்ட துள்ளி, ஸ்பியாலியா கால்பா என்னும் அறிவியற்பெயர் உடையது. இந்தியா, இலங்கை, பர்மா முதலிய நாடுகளில் வாழ்வது. இந்தியத் துள்ளி என்னும் பொதுப்பெயரும் இதற்கு உண்டு. கால்பா என்பது கி.பி. 68, 69-ஆம் ஆண்டுகளில் உரோம் நாட்டைச் சில திங்களே ஆண்ட பேரரசன் ஒருவனது பெயருமாகும். பண்டைக் கிரேக்க உரோமக் கதைகளினின்றும் வரலாற்றினின்றும் பெயர்களை எடுத்துச் சிற்றுயிர்களுக்குச் சூட்டுதல் அக்காலத்து அறிஞரிடையே பெருவழக்காய் இருந்தது.

தரங்கம்பாடியும் தமிழும்

இத்துள்ளிக்குக் கால்பா என்று 1793-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் யோகான் கிறிஸ்தியான் ஃபபிரீசியுஸ் என்னும் டேனிய நாட்டறிஞர். இவர் 1745 முதல் 1808 வரை வாழ்ந்தவர். உயிர்களுக்கு இருசொற்பெயரிடும் முறையை வகுத்த லின்னேயுவின் மாணாக்கர். தமிழ் பயில்வோர்க்கு ஃபபிரீசியுஸ் என்னும் பெயர் புதிதன்று. சென்னை வேப்பேரியில் இருந்து திருமறையைத் தமிழாக்கி, 1779-ஆம் ஆண்டில் தமிழ் அகராதியும் வெளியிட்டவர் யோகான் பிலிப்பு ஃபபிரீசியுஸ் ஆவர். இருவரும் வேறானவர், பெயரொற்றுமை கண்டு மயங்குதல் கூடாது.

ஆயினும், பூச்சியறிஞர் ஃபபிரீசியுசுக்கும் நம் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. அவர் தமிழ்நாட்டை நேரிற் கண்டவர் அல்லர். எனினும், தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட பூச்சிகள் பலவற்றைத் தம் நூல்களில் விவரித்துள்ளார். அங்குள்ள மிஷனுக்கு மருத்துவராக 1768-ஆம் ஆண்டில் வந்த யோகான் கெர்ஹார்டு கோனிக்கு என்பவரும் லின்னேயுவின் மாணாக்கரே. அவர் 1785-ஆம் ஆண்டில் இறக்குமளவும் செடிகொடிகளையும் பூச்சிகளையும் தேடித் திரட்டினார். அவருக்குப்பின் அப்பணியைத் தொடர்ந்தோருள் ரொட்லர் ஐயர் குறிப்பிடத்தக்கவர். தாவரங்களைச் சேர்த்து உலர்த்திப் பெயரெழுதிய அக்கையே, பின்னர் வேப்பேரியில் இருந்து தமிழ்ச் சொற்களைச் சேர்த்துப் பேரகராதி ஒன்றையும் தொகுத்தது. அவ்வகராதி 1834-ஆம் ஆண்டு தொடங்கி அச்சாயிற்று. சொல்லைத் தொகுப்பதும் உயிரைத் தொகுப்பதும் அப்பெரியார்க்கு வேறு வேறு பணிகளாகத் தோன்றவில்லை. இலக்கியம் கற்பார்க்குப் பூச்சியைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார்க்கு ரொட்லரின் வாழ்க்கையே விடையாம்.

பிற்காலத்தில் இத்துறையில் உழைத்தோருள் இருவரை ஈண்டுக் கூறுதல் தகும். ஸ்பியாலியா என்னும் இனப்பெயரை 1912-ஆம் ஆண்டளவில் வகுத்தவர் சார்லசு சுவின்ஹோ. 1883-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். துள்ளிகளின் ஆராய்ச்சியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் படைத்தலைவராய் இருந்த டபிள்யூ. எச். எவன்சு என்பார். 1927-ஆம் ஆண்டில் இந்திய வண்ணத்துப்பூச்சிகளை இனங்காணும் நூல் ஒன்றையும், 1937-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கத் துள்ளிகளின் அட்டவணையையும், 1949-ஆம் ஆண்டில் ஐரோப்பா ஆசியா ஆஸ்திரேலியாக் கண்டங்களின் துள்ளி அட்டவணையையும் அவர் வெளியிட்டார். சிறகின் ஒரு புள்ளி வேறுபாட்டைக்கொண்டு வகை பிரித்த அவரது பொறுமை, பாடபேதம் நோக்கி ஏடு ஒப்பிடும் பதிப்பாசிரியர்தம் பொறுமைக்கு ஒப்பானது.

உருவும் ஒழுகலாறும்

இந்தியத் துள்ளியின் மேற்சிறகு கருமை கலந்த பழுப்பு நிறமுடையது. அதன்மேல் வெண்புள்ளிகள் அரிசி நொய் சிதறினாற்போல் விளங்கும். சிறகின் ஓரத்தில் கருமையும் வெண்மையும் மாறி மாறி வரும் மெல்லிய குஞ்சம் உண்டு. அடிச்சிறகு வெளிறிய நிறத்தது. அதன்மீது வெள்ளைப் பட்டைகள் ஓடும். இவ்வுருவைக் கையில் வைத்துக் காணின் அழகாகவே தோன்றும். ஆயின், வெயில் படும் மணலிலும் சரளைக்கல்லிலும் உலர்ந்த புல்லிலும் அமர்ந்தபோது, புள்ளியும் நிழலும் பிரித்தறிய வொண்ணாவாறு கலந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதன் உறவினர்க்கு மணற்காரன் என்னும் பொருள்பட ஆங்கிலப்பெயர் வழங்குதல் இதனாற் பொருத்தமுடைத்து.

இப்பூச்சி காலை வெயிலில் இரு சிறகையும் தட்டையாக விரித்துத் தரையிலேனும் தாழ்ந்த செடியின் நுனியிலேனும் அமர்ந்திருக்கும். பூச்சிகளுக்கு நம்மைப்போல் உடற்சூடு உள்ளிருந்து நிலையாக எழுவதில்லை. ஞாயிற்றின் வெம்மையை ஏற்றே பறக்கும் தசைகள் விரைவு பெறுகின்றன. தடித்த உடலும் குறுகிய சிறகும் உடைய துள்ளி பறக்கவேண்டுமாயின் சிறகை மிக விரைவாக அடித்தல் வேண்டும். அதற்கு வெம்மை இன்றியமையாதது. ஆகலின், இது நிழலை நாடாது வெளியையே நாடும். ஆண்துள்ளி ஒரு சிறு கொம்பின் நுனியைத் தன் காவலிடமாகக் கொண்டு, அவ்வழியே செல்லும் எப்பூச்சியையும் பாய்ந்து துரத்திவிட்டு, மீண்டும் அவ்விடத்திற்கே வந்து அமரும். தன்னினும் பன்மடங்கு பெரிய வண்ணத்துப்பூச்சியையும் அது அஞ்சாது எதிர்ப்பதுண்டு.

தேன் உண்பதற்கும் இது உயர்ந்த மரத்தின் மலரை நாடுவதில்லை. வழியோரத்துப் புல்லிடையே பூக்கும் சிறு மலர்களே இதற்குப் போதும். தொல்லமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து நம் நாட்டில் வந்து குடியேறிய வெட்டுக்காயப் பூண்டின் மஞ்சள் வெள்ளை மலரையும் இது விரும்பி மொய்க்கின்றது. அயல்நாட்டுச் செடி யாவும் நம் உயிர்கட்குப் பகையென்று பொதுப்படக் கூறிவிடுதல் பொருந்தாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

புழுவின் கூடாரம்

தேனுண்ணும் மலர் எதுவாயினும் அமையும். முட்டையிடும் செடியோ அவ்வாறன்று. இந்தியத் துள்ளியின் புழு துத்தியும் செம்பருத்தியும் அடங்கிய குடும்பத்துச் செடிகளையே உண்ணும். அவற்றுள்ளும் குறுந்தொட்டி, செம்பூடு முதலிய தாழ்ந்த செடிகள் இதற்கு உவப்பானவை. குறுந்தொட்டி நாட்டு மருத்துவர் வேருடன் பறித்துப் பயன்கொள்ளும் செடி. முழங்கால் அளவே வளர்வது. நண்பகலில் விரியும் வெளிர்மஞ்சட் பூவினை உடையது. பரந்த மரநிழலில் இச்செடிகள் செழிப்பதில்லை. மேய்ச்சல் நிலம், வழியோரம், வரப்பு, வெற்றுமனை ஆகிய இடங்களே இவற்றின் இருப்பிடம்.

தாய்த்துள்ளி முட்டைகளைக் குவியலாக இடாது, இலைதோறும் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். முட்டையினின்று வெளிப்பட்ட புழு, தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டுநூலால் இலையின் ஓரத்தை மடித்துத் தைத்து, அதனுள்ளே ஒடுங்கி வாழும். வளருந்தோறும் பழைய மனையை விட்டுப் பெரிய இலையொன்றிற் புதுமனை புகும். கூட்டுப்புழுவாகித் துயில்வதும் அத்தகைய இலைமனையிலேயே. பெருந்தலையும், அதனையடுத்துச் சிறுத்துக் காணும் கழுத்தும் துள்ளிப்புழுக்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான அடையாளம். பிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுவிலிருந்து இவற்றை இக்கழுத்தே பிரித்துக் காட்டும்.

மடித்த இலைக்குள் வாழ்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புழு ஓயாது உண்பதாகலின் ஓயாது எச்சமும் இடும். அவ்வெச்சம் மனைக்குள்ளே தங்குமாயின், அதன் மணத்தை மோப்பம் பிடித்துக் குளவி முதலிய பகைகள் வந்து சேரும். இதற்கு இக்குடும்பத்துப் புழுக்கள் பல கொண்டுள்ள வழி நகைப்பும் வியப்பும் ஒருங்கே விளைப்பது. உடலின் பின்முனையில் சீப்புப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. குருதியின் அழுத்தத்தை அவ்விடத்தே பெருக்கித் திடீரென விடுதலால், எச்சம் கவணிலிருந்து கல் பாய்வதுபோல் நெடுந்தொலைவு சென்று விழும். அமெரிக்கத் துள்ளிவகை ஒன்றை ஆராய்ந்த மார்த்தா வைசு என்னும் அறிஞர், அப்புழு தன் உடல் நீளத்தினும் முப்பது மடங்கிற்கு மேற்பட்ட தொலைவிற்கு எச்சத்தை எறிதலையும், எச்சம் இருந்த இலைமனைகளையே குளவிகள் மிகுதியாக நாடுதலையும் சோதித்துக் கண்டு, 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தூய்மை என்பது இச்சிறு புழுவுக்கு உயிர்காக்கும் அரணாய் அமைந்தவாறு காண்க.

உற்றாரும் உறவினரும்

துள்ளிகள் யாவும் வெளிநிலத்தையே நாடும் என்று கருதற்க. சென்னைத் தெருக்களில் நிழலுக்காக வைத்த புங்கமரத்தின் இளந்தளிரை உண்டு வளரும் துள்ளி ஒன்று உண்டு. பட்டையிட்ட பழுப்புச் சிறகுடைய அதற்கு ஹசோரா குரோமசு என்று பெயர். தென்னை, ஈச்சை முதலியவற்றின் ஓலையைச் சுருட்டி வாழும் துள்ளிகளும் உண்டு. நெல்வயலில் தாளை மடித்து உண்ணும் துள்ளிப்புழுவை நம் உழவர் நன்கறிவர். மஞ்சட் கொல்லையிலும் இஞ்சிக் கொல்லையிலும் இலைகளைச் சுருட்டுவது உடாஸ்பெசு ஃபோலசு என்னும் துள்ளியே. இவ்வாறு மருதத்திற்கும் நெய்தலுக்கும் உரிய துள்ளிகள் இருப்ப, இந்தியத் துள்ளி முல்லைக்கு உரியதாய் நிற்கின்றது.

இதன் நெருங்கிய உறவினர் பெரும்பாலும் வாழ்வது ஆப்பிரிக்காக் கண்டத்தின் சவன்னா என்னும் புல்வெளிக்காடுகளில் ஆகும். ஐரோப்பாவிலும் சில உண்டு. அவற்றுள் ஒன்று, பல்லாண்டாக வேறொரு வகையுடன் ஒன்றாகவே எண்ணப்பட்டு, 2016-ஆம் ஆண்டில்தான் தனிவகையென ஸ்பெயின் நாட்டில் வைத்துப் பிரித்தறியப்பட்டது. அதன் புழு காட்டுரோசாச் செடியை உண்ணுதலே அதற்கு ஸ்பியாலியா ரோசே என்னும் பெயரைத் தந்தது. நூற்றாண்டுகளாக வலையேந்தி ஆராய்ந்த ஐரோப்பாவிலேயே ஒரு துள்ளி அறியப்படாது மறைந்திருந்ததெனின், நம் நாட்டில் இன்னும் கற்கவேண்டுவன எத்துணை!

முல்லையும் சவன்னாவும்

சவன்னா என்பது யாது? தொடர்ந்து பரந்த புல்தரையும், அதனிடையே ஒன்றையொன்று தொடாது விலகி நிற்கும் மரங்களும் உடைய நிலமே சவன்னா. மரம் இருந்தும் நிழல் மூடாமையே அதன் இலக்கணம். அடர்ந்த காட்டில் ஒளி மரத்தலைகளிலேயே தடைப்படும். இங்கோ தரைமட்டும் ஒளி பாயும். அவ்வொளியினாலே புல்லும் சிறுபூண்டும் செழிக்கும். புல்லை மேயும் மானும் ஆவும் பெருகும். மேய்ச்சலும் கோடைத்தீயும் மரக்கன்றுகளை மிகவிடாது தடுக்கும். ஒளி, புல், மேய்ச்சல், தீ ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலால் அந்நிலம் நிலைபெறுகின்றது.

தமிழ் கற்பார்க்கு இவ்விலக்கணத்தைக் கேட்டவுடன் ஒன்று தோன்றாமற் போகாது. ஆயர் ஆநிரை மேய்த்தற்கும், இரலை பிணையுடன் துள்ளுதற்கும், காயாவும் கொன்றையும் பூத்தற்கும் இடமாகப் பண்டைப் புலவர் பாடிய முல்லை நிலம் இதுவே அன்றோ! தொல்காப்பியர் அதற்கு மாயோனைத் தெய்வமாகவும், கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும், மாலையைச் சிறுபொழுதாகவும் வகுத்தார். குறிஞ்சியின் அடர்காட்டினின்று வேறாகவும், மருதத்தின் வயலினின்று வேறாகவும், தனக்கென ஓர் ஒழுக்கமும் தனக்கென ஒரு பொழுதும் உடையதாகவும் அந்நிலம் மதிக்கப்பட்டது. அது குறைபட்ட காடு என்றோ, பயிரிடப்படாத வயல் என்றோ நம் முன்னோர் கருதவில்லை.

பின்வந்தோர் கருத்து வேறாயிற்று. மரம் விற்றுப் பொருள்காணும் நோக்குடன் காடுகளை அளந்த ஆங்கில ஆட்சியினர்க்கு, மரம் செறியாத நிலம் சிதைந்த காடாகவே தோன்றியது. 1936-ஆம் ஆண்டில் சாம்பியன் என்பார் இந்திய பர்மியக் காடுகளை வகைப்படுத்தியபோது, புதர்நிலங்களும் புல்நிலங்களும் பல இடங்களில் காடு கெட்டு உண்டான நிலைகளாகவே வைக்கப்பட்டன. வரி கருதி நிலத்தை நோக்கிய வருவாய்த்துறையினர்க்கோ அது தரிசாகவும் புறம்போக்காகவும் தோன்றியது. விடுதலைக்குப் பின்னும் அந்நோக்கு முற்றும் மாறவில்லை. 2000-ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட இந்தியப் பாழ்நில வரைபடத் தொகுதியில் புதர்நிலங்கள் பாழ்நில வகைகளுள் வைத்து எண்ணப்பட்டுள்ளன.

அறிவியல் கூறுவது யாது? இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக்குக் குன்றுகளில் புதையுண்ட பழமண்ணை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 80 இலட்சம் முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே வெப்பநாட்டுப் புல்வெளிகள் இத்துணைக்கண்டத்தின் வடபகுதியிற் பெரிதும் பரவிவிட்டன என்று காட்டியுள்ளனர். மனிதன் கோடரி ஏந்தியதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முற்பட்டது அது. ஆகவே, புல்வெளி யாவும் காட்டை வெட்டியதால் உண்டான புண் என்னும் கூற்று நிலைபெறாது. வெட்டுண்ட காடும் உண்டு. பிறவியிலேயே வெளியாய் அமைந்த நிலமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும் என்பதே இக்கால ஆராய்ச்சியாளர் வற்புறுத்துவது.

பெசன்ட் நகரும் சூழலும்

சென்னையின் தென்பகுதியைத் தனி முல்லை நிலம் என்று கூறுதல் மிகையாகும். சோழமண்டலக் கரையின் இயற்கைத் தாவரம் தாழ்ந்து செறிந்த பசும்புதர்க்காடு. அதனிடையே பனந்தோப்பும் புல்வெளியும் மணல்மேடும் விரவி நிற்கும். கிண்டியில் 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 270 ஹெக்டேர் நிலத்தில் இக்கலப்பினை இன்றும் காணலாம். அங்கே புதர்க்காட்டை விட்டு வெளியைத் தேடி நிற்பது வெளிமான். அதன் பெயரே அதன் இயல்பைக் கூறும். புல்வெளியில் மரமும் சீமைக்கருவேலும் பரவி வெளி சுருங்கின், வெளிமானுக்கு இடமில்லை. வெளிமானுக்கு இடமில்லாத இடத்தில் அதன் காலடியிற் பறக்கும் துள்ளிக்கும் இடமில்லை.

பிரம்மஞான சபையினர் 1882-ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில் வந்து தங்கியபோது, ஆற்றுமுகத்திற்குத் தெற்கே கடற்கரை ஓரமாக மீனவர் குப்பங்களும் மணல்வெளியும் தோப்புகளுமே இருந்தன. அச்சபையின் தலைவராய் விளங்கி 1933-ஆம் ஆண்டில் மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய பெசன்ட் நகர், வீட்டு வசதி வாரியத்தாரின் மனைகளாக 1970-களில் வளர்ந்தது. மனைகள் ஒருநாளில் நிரம்பிவிடவில்லை. கட்டடம் எழாத மனைகளில் குறுந்தொட்டியும் துத்தியும் வெட்டுக்காயப் பூண்டும் தாமே முளைத்தன. அவற்றோடு துள்ளியும் அங்கே வாழ்ந்தது. முல்லை நிலத்து உயிர் ஒன்று நகரத்தின் வெற்றுமனையைத் தன் முல்லையாகக் கொண்டது எனலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி தை மாதங்களில் பூண்டுகள் தழைத்து நிற்கும் காலத்து, அந்நகரின் உட்டெருக்களில் இச்சிறு பூச்சியை நாம் பன்முறை கண்டதுண்டு. சுற்றுச்சுவர் இல்லாத மனையொன்றில், முழங்கால் அளவு வளர்ந்த குறுந்தொட்டியின் மடிந்த இலையைப் பிரித்துப் பார்த்தபோது, மென்மயிர் போர்த்த புழு கரிய தலையைத் திருப்பியது. அடுத்த ஆண்டு அம்மனையில் அடுக்குமாடி வீடு எழுந்தது. அதில் வியப்பதற்கோ வெகுள்வதற்கோ ஒன்றுமில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். ஆயின், அத்தெருவின் இருமருங்கும் இருந்த இரண்டடி மண்ணும் சிமிட்டிக் கற்களால் மூடப்பட்டது. எஞ்சியிருந்த ஒரு மூலையில் ‘அழகு’ கருதிப் புல்விரிப்பு இடப்பட்டது. அதில் முளைத்த பூண்டுகள் வாரந்தோறும் களையப்பட்டன. வீடு எழுந்ததனால் அன்று, வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்ணையும் தன்போக்கில் விடாமையாலேயே துள்ளி அங்கு அற்றது.

இத்துள்ளி உலகினின்று மறையும் நிலையில் இல்லை. நாடெங்கும் பரவி வாழ்கின்றது. அங்ஙனமாயின் அதுபற்றி நாம் கவல்வது ஏன் என்று சிலர் வினவலாம். அரிய உயிர் மறையின் அதனை எண்ணி வைத்த அறிஞர் அறிவிப்பர். எளிய உயிர் ஓர் ஊரினின்று மறையின் அதனை அறிவிப்பார் எவருமிலர். மேலும், ஒரு புழுவின் மறைவு தனித்த மறைவன்று. அதனை உண்ணும் சிறுபறவையும், அதன் உடலில் முட்டையிடும் குளவியும், அது உண்ணும் பூண்டும் ஒரே இழையிற் கோத்தவை. துள்ளி ஓர் அடையாளமே. எந்நிலத்தில் துள்ளி துள்ளுகின்றதோ, அந்நிலத்திற் பூண்டும் ஒளியும் மண்ணும் இன்னும் உள்ளன என்பது பொருள்.

மரம் நடுதலும் மரம் நடாமையும்

மரம் நடுதல் நற்செயல் என்பதில் ஐயமில்லை. வெயில் காயும் தெருவில் புங்கும் வேம்பும் நடுவோர் வாழ்த்துக்குரியர். ஆயின், மரம் இல்லாத இடம் யாவும் மரத்துக்காக ஏங்கும் இடம் என்று எண்ணுதல் பிழை. வல்லநாட்டு வெளிமான் காப்பகத்திலும், சத்தியமங்கலம் முதுமலைப் பகுதிகளின் வறண்ட இலையுதிர்காட்டுப் புல்தரைகளிலும் குழிதோண்டி நெருங்க மரம் நட்டால், காடு உண்டாவதில்லை; முல்லை அழிவதே உண்டு. மழையின்றி வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை கெட்ட நிலையையே பாலை என இளங்கோவடிகள் விளக்குவர். இன்று முல்லை தன்மை கெடுவது வெம்மையால் மட்டுமன்று, அதனை முல்லையென்று அறியாத நம் நல்லெண்ணத்தாலும் ஆகும்.

இதிலிருந்து கல்லூரி மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? பெருஞ்செயல் எதுவும் வேண்டுவதில்லை. கல்லூரி வளாகத்தில் வெயில் நன்கு படும் ஒரு மூலையை, பருவமழை தொடங்கிய நாள்முதல் மாசித் திங்கள் முடியுமளவும் செதுக்காமலும் வெட்டாமலும் விட்டுவைக்கலாம். அங்கே தாமே முளைக்கும் பூண்டுகள் இவையென எண்ணி எழுதலாம். எந்நாளில் எப்பூவில் எத்துள்ளி அமர்ந்தது என்று குறித்து வைக்கலாம். விலங்கு நூலும் தாவர நூலும் பயிலும் நண்பர் உருவை ஆராய்க; தமிழ் பயிலும் நாம், தோட்டக்காரரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் நாட்டு மருத்துவரிடமும் சென்று, ஒவ்வொரு பூண்டுக்கும் அவரவர் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுவோம். ஒரே செடிக்கு ஊர்தோறும் வேறு பெயரும், ஒரே பெயரால் வேறு வேறு செடியும் வழங்குதல் அகராதி தொகுப்போர் அறிந்த இடர். அப்பெயர்களைச் சொல்லத் தெரிந்த முதியோர் நாளும் குறைந்துவருகின்றனர். ஆகலின் இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.

நிலத்திற்கு நாம் இடும் பெயர் அந்நிலத்தின் விதியை வரைகின்றது. தரிசு என்று பெயரிட்ட நிலம் யாரேனும் ஒருவர் கைப்படக் காத்துக் கிடக்கின்றது. முல்லை என்று பெயரிட்ட நிலமோ ஈராயிரம் ஆண்டாக நம் இலக்கியத்தில் மதிப்புடன் வாழ்கின்றது. அச்சொல்லைத் தேர்வுக்காக மட்டும் கற்று ஏட்டில் மூடிவையாது, புல்லும் பூண்டும் நிறைந்த வெளியைக் காணுந்தோறும் வாய்விட்டுச் சொல்லப் பழகுவோமாக. அவ்வெளியிற் குனிந்து நோக்கும் பொறுமை உடையார்க்கு, புள்ளியிட்ட சிறு சிறகு ஒன்று வெயிலில் விரிந்திருத்தல் புலப்படும்.